பீடிக் கை

கையெழுத்துப் போட்டுட்டியா தாயி? இன்னும் போடலையா? நல்லது, அந்தப் பேனாவ மூடி வை. போடாதன்னு சொல்லல. போடு, படிச்சிட்டுப் போடு. படிக்கத் தெரியும்லா? நாலு பக்கம் இருக்கும். நான் படிக்கல. லில்லி சிஸ்டர் நிறுத்தி நிதானமா வாசிச்சுத்தான் காமிச்சாவ, நான் எம்பிள்ள மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, எந்த எடத்துல போடணும்னு கேட்டுப் போட்டுட்டேன். உனக்கு டோக்கன் எத்தன? நாப்பத்தி நாலா? எனக்கு முப்பத்தொம்பது. இப்ப இருவத்தாறுதான் ஓடுது. நேரம் கெடக்கு, உக்காரு.

பிள்ளைக்கு என்ன வயசு? நாலரையா. கண்ணு ரெண்டும் வீங்கி இடுங்கிப் போச்சே, பாவம். உங்க மாமியா உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டிருப்பாவளே? போட்டாவளா! எங்க வீட்லயும் அதே கூத்துதான். மூணு நாளு சுத்திப் போட்டுட்டு, நாலாம் நாளு பயலுக்கு டவுசர் பொத்தான் பூட்ட முடியல, வயிறு அம்புட்டு வீங்கிட்டு. பொறவுதான் தூக்கிக்கிட்டு இங்க ஓடியாந்தோம். ஒடம்புல உள்ள சத்து பூரா கிட்னி வழியா மூத்திரத்துல போகுதாம். நெப்ராட்டிக்குன்னு பேரு. பயப்படாத, மருந்துக்குக் கேக்குற சீக்குதான். ஆனா லேசுல விடாது. போயிட்டுன்னு நெனப்ப, ஒரு சளி பிடிச்சாப் போதும், திரும்பி வந்து நிக்கும்.

டியூப் தந்தாவளா? காலம்பற மொத மூத்திரத்த அதுல பிடிச்சு, கிளிப்புல கவ்விக்கிட்டு, மேல்பக்கத்த மட்டும் மெழுகுவத்தியில காட்டணும். தெளிஞ்ச தண்ணியா இருந்தா ஒண்ணுமில்ல. பொகையாட்டம் கலங்குனா ஒரு பிளஸ்சு. தயிரு மாதிரி திரண்டுட்டுன்னா நாலு பிளஸ்சு. தெனமும் நோட்டுல எழுதணும். அதுல பொய் எழுதாத. ஆமா, நான்தான் சொல்லுதேன், பொய் எழுதாத.

எம்பேரு வேலம்மா. ஆலங்குளம் பக்கம். பீடி சுத்துதேன், வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுதாரு. அந்தா சன்னல் கம்பியில தொங்குதான் பாரு, அவன்தான் எம்பய, மாசானம். ஏ மாசானம், எறங்குல! விழுந்து தொலைக்காத! ஆறு வயசு. ஆளு எப்பிடி இருக்கான் பாத்தியா? நாலு மாசமா ஒரு தடவ கூட வீங்கல. அவன் பக்கத்துல நீலச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி மடியில பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கால்லா, தலையில துணி கட்டுன பிள்ள. அவ மரியபுஷ்பம். உவரிக்காரி, புருசன் கடலுக்குப் போறவன். பிள்ள பேரு பெனிட்டா. அவள நல்லாப் பாத்துக்கோ. நான் சொல்லப்போறது பூரா அவளப் பத்தித்தான். மெதுவாப் பாரு, அவளும் இங்கதான் பாக்கா.

கைய ஆட்டுதா பாரு. எனக்குத்தான். 'வாக்கா'ங்கா. வாரேன்டி, வாரேன்.

எங்க விட்டேன்? ஆங், இந்தக் காகிதம். போன ஆடியில எங்க ரெண்டு பேர்ட்டயும் ஒரே நாள்லதான் இந்த மாதிரி காகிதத்த நீட்டுனாவ. ரெண்டு பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தா வீக்கம் வத்துது, நிறுத்துனா திரும்ப வருது. அந்த மாத்திரையத் தின்னா பிள்ளைக்குப் பேய்ப்பசி, பேய்க்கோவம். எம்பய தங்கச்சி கன்னத்தக் கடிச்சு வச்சிட்டான். அந்த ஸ்டீராய்டக் கொறைக்கத்தான் புதுசா ஒரு மாத்திரையப் பரீட்ச பாக்காவ. தெய்வநாயகம் டாக்டரய்யா எங்களக் கூப்பிட்டு வச்சு விவரமாச் சொன்னாவ, நான் இல்லன்னு சொல்லல. "பாதிப் பிள்ளைகளுக்கு நெஜ மாத்திரை போகும், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை போகும். யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்குன மாதிரி. எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு எல்லாருக்கும் உண்டு, பிள்ளையச் சும்மா விட்ற மாட்டோம். இஷ்டமில்லன்னா எப்ப வேணும்னாலும் வெலகிக்கிடலாம்"னாவ.

எனக்கு நம்பிக்க வரல. டாக்டருக்கே தெரியாம ஒரு மாத்திரையா? யாருட்ட காது குத்துதாவன்னு நெனச்சேன். புஷ்பம் நம்பிட்டா. அவ எதையும் நம்பிருவா. எம்பிள்ளைக்குப் பதினேழாம் நம்பர் பாட்டில், அவ பிள்ளைக்குப் பதினெட்டு. ரெண்டுலயும் முப்பது முப்பது மாத்திரை, வெள்ளையா, உருண்டையா. நான் நாக்குல வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே கசப்பு. எமகாதகப் பயலுவ, அம்புட்டு நேக்காச் செஞ்சிருக்கானுவ.

அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால தண்ணித் தொட்டி நிழல்ல உக்காந்து நாங்க ரெண்டு பேரும் யோசிச்சோம். ரெண்டு பேருமா யோசிச்சதுதான். என்ன, நான்தான் மொதல்ல வாயத் திறந்தேன். ஆமா தாயி, நான்தான் சொன்னேன்.

நீ பீடி சுத்துனவ இல்ல, உனக்குத் தெரியாது. பீடிக்கடையில இலைய நிறுத்துத் தருவான். ஒருத்திக்கு நல்ல இலையா விழும். இன்னொருத்திக்கு ஓட்டையும் நரம்புமா விழும். கெட்ட இலையில சுத்துன பீடிய ஏஜண்டு கழிச்சுத் தூரப் போட்டிருவான், அன்னைக்குப் பாடு வீண். அதனால எங்க தெருவுல நாலு பொம்பளைக ஒண்ணா உக்காந்து, நாலு பேரு இலையையும் ஒரே சொளவுல கொட்டிக் கலந்துருவோம். நல்லதும் கெட்டதும் நாலு பேருக்கும் சமம். யாரு கட்டும் கழியாது. ஏஜண்டுக்கு இன்னைக்கு வரைக்கும் இது தெரியாது. அந்தப் புத்திதான் இங்கயும் வந்துச்சு. பதினேழுல பதினஞ்சு, பதினெட்டுல பதினஞ்சு. எது நெஜமா இருந்தாலும் ரெண்டு பிள்ளைக்கும் பாதியாவது போகும்லா? ஒரு பிள்ளைக்கு மாவக் குடுத்து இன்னொரு பிள்ளைக்கு மருந்தக் குடுக்கிறதுக்கு இது தேவலல்லா?

"தப்பில்லையாக்கா?"ன்னு கேட்டா புஷ்பம்.

"ரெண்டும் பொழைக்க வேண்டாமாட்டி? மாத்திரை கணக்குக்குச் சரியாத் தீரும். எவனுக்குத் தெரியப் போகுது?"ன்னேன்.

அவ நெத்தியில சிலுவ போட்டுக்கிட்டா. நான் அவ கையில ஓங்கி அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். "உம்பிள்ளைக்கும் ஒண்ணு கூடுதல் கெடையாது, எம்பிள்ளைக்கும் ஒண்ணு கூடுதல் கெடையாது"ன்னேன். பெனிட்டா என்னப் பெரியம்மான்னா. அன்னையில இருந்து மாசா மாசம் புஷ்பம் வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டு வருவா. அந்தப் பிள்ளைக்கு உப்பு ஆகாது, கருவாட்டு வீட்டுல பெறந்துட்டு அது கஞ்சிக்கு உப்பில்லாத தொவையல் தொட்டுக்கிட்டு இருக்கும். நாங்க தின்னோம்.

இருவத்தொம்பது ஓடுதா? இருக்கட்டும்.

ஆடி, ஆவணி, ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் பங்கு வச்சேன். சத்தியமா. ஆனா எனக்கு ஒரு புத்தி உண்டு, எதையும் தெரிஞ்சுக்கிடாம இருக்க முடியாது. புஷ்பம் ரெண்டு வகையையும் கலந்து பிள்ளைக்குக் குடுத்தா. நான் கலக்கல. ரெண்டு டப்பாவுல தனித்தனியாப் போட்டேன். மொதப் பதினஞ்சு நாளு எங்க மாத்திரை, அடுத்த பதினஞ்சு நாளு அவ மாத்திரை. தெனமும் டியூபக் காச்சிப் பாத்தேன். எங்க மாத்திரை ஓடயில கலங்கல். அவ மாத்திரை ஓடயில தெளிவு. ஆவணியிலயும் அப்பிடியே. நம்புவியா? டாக்டரய்யாவுக்கே தெரியாதுன்னாவளே, ஏழாங்கிளாஸ் பெயிலு நான் கண்டுபிடிச்சிட்டேன். பதினெட்டுதான் நெஜம். எங்களுக்குத் தந்தது மாவு.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! எம்பிள்ள என்ன இளிச்சவாயனா? அவனுக்கு மாவு, மத்த பிள்ளைக்கு மருந்தா? சீட்டுக் குலுக்குனாவளாம் சீட்டு. அந்த ஆத்திரம் ஞாயந்தானே தாயி? நீயா இருந்தா ஆத்திரப்பட மாட்டியா?

ஏன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புத? இரு, முழுசாக் கேளு.

புரட்டாசி மாசம் வந்தோம். சிஸ்டர் புதுப் பாட்டில் தந்தாவ. தண்ணித் தொட்டிகிட்ட போயி உக்காந்தோம். பெனிட்டா பாலு வேணும்னு அழுதா. புஷ்பம் எந்திரிச்சு, "நீ பங்கு வையி அக்கா, நான் டீக்கடைக்குப் போயிட்டு வாரேன்"னு ரெண்டு பாட்டிலையும் எம்மடியில வச்சிட்டுப் போனா. திரும்பிக் கூடப் பாக்கல. நான் ரெண்டு மூடியையும் திறந்தேன். பதினஞ்சு எண்ணத்தான் திறந்தேன். சாமி சத்தியமா பதினஞ்சு எண்ணத்தான். மொத நாளு ராத்திரி பூரா மாசானத்துக்கு மூஞ்சி உப்பியிருந்துச்சு, அது ஞாபகத்துல வந்துட்டு. பதினெட்டாம் பாட்டில்ல இருந்தது பூராத்தையும் என் டப்பாவுல தட்டிட்டேன். பதினேழுல இருந்தத அவ பாட்டில்ல போட்டேன். அதே பாட்டில், அதே நம்பர், அதே முப்பது. ஒரு நிமிசம் ஆகல.

"பங்கு வச்சிட்டியாக்கா?"ன்னு வந்தா.

"வச்சாச்சு"ன்னேன்.

ஒரு மாசத்துக்குத்தான்னு நெனச்சேன். பய கொஞ்சம் தேறட்டும், அடுத்த மாசம் அவளுக்கு முழுசா விட்டுக் குடுத்திருவோம், சரிக்குச் சரி ஆயிரும். அப்பிடித்தான் நெனச்சேன். ஐப்பசி வந்துச்சு, பயலுக்கு டியூப் கண்ணாடி மாதிரி தெளிவு. பள்ளிக்கூடத்துக்கு ஓடுதான், சடுகுடு ஆடுதான். இப்பப் போயி மாத்துறதா? கார்த்திகை வந்துச்சு, மார்கழி வந்துச்சு. நாலு மாசம். ஒவ்வொரு மாசமும் நானே சொல்லுவேன், "ஏட்டி, நீ பிள்ளைக்குப் பாலு வாங்கிட்டு வா"ன்னு.

நீ எந்திரிக்காத. ஒன்னக் கும்பிடுதேன், எந்திரிக்காத. இத நான் எம்புருசன்ட்டயே சொன்னதில்ல. ஒன் கையில இந்தக் காகிதம் இருக்கக் கண்டுதான் எனக்கு வாய் தானாத் திறந்துச்சு.

ஐப்பசிக் கடைசியில போன் பண்ணுனா. "யக்கா, பெனிட்டாவுக்கு மூணு பிளஸ்சு காட்டுது. மாசானத்துக்கு எப்பிடி?"ன்னா. நான் என்ன சொல்ல? "அவனுக்கும் ரெண்டு பிளஸ்சுட்டி, மழைக்காலம்லா"ன்னேன். அவ மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன். ஆறிட்டு அவளுக்கு. "அப்ப ரெண்டுக்கும் ஒண்ணு போலதான் இருக்கு, கர்த்தர் பாத்துக்கிடுவாரு"ன்னா. டாக்டரய்யா ஸ்டீராய்டக் கூட்டுனாவ. அந்தப் பிள்ள மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிட்டு. முடி கொட்டிட்டு. தலையில துணி அதுக்குத்தான்.

பொங்கல் கழிஞ்சு நாலாம் நாளு மத்தியானம் அடுத்த போனு. புஷ்பம் பேசல, அவ புருசன் பேசுனான். காய்ச்சல்னு கொண்டாந்திருக்கோம், வயித்துல கோத்த தண்ணியில கிருமி சேந்துட்டாம், உள்ள படுக்க வச்சிருக்காவன்னான். நான் சொளவ அப்பிடியே போட்டுட்டு, பயலையும் இழுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்தேன். கண்ணாடி வழியாப் பாத்தேன். வாயில குழா, மூக்குல குழா. வயிறு இந்தா இம்புட்டு. கண்ண மூடிக் கெடக்கு. புஷ்பம் என்ன வையல. எப்பிடி வைவா, அவளுக்கு என்ன தெரியும்? மாசானத்தப் பிடிச்சு இழுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "இவனாவது நல்லாருக்கானே அக்கா, இவனாவது நல்லாருக்கானே"ன்னு அவன் தலையில மோந்து மோந்து அழுதா. பய திருதிருன்னு முழிக்கான். அந்த எடத்துலயே நான் சொல்லியிருக்கணும். நான் அவ முதுகத் தடவிக்கிட்டு நின்னேன்.

முப்பத்திரெண்டு. இன்னும் ஏழு பேரு.

மறுநாளு டாக்டரய்யா புஷ்பத்த ரூம்புக்குக் கூப்பிட்டாவ, அவ தொணைக்கு என்னையும் இழுத்துட்டுப் போனா. என்ன மருந்து போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் மேக்கொண்டு வைத்தியம் பண்ண முடியும்னு மேல எழுதிக் கேட்டிருக்காவ. அங்கயிருந்து பதில் வந்திருக்கு. "பெனிட்டாவுக்குப் போனது நெஜ மருந்துதான்"னாவ. எனக்கு முன்னாலயே தெரியும்லா?

அப்பத்தான் இந்தப் புஷ்பம், யாரும் கேக்காமலே, எல்லாத்தையும் சொல்லிட்டா. "நாங்க பங்கு வச்சிட்டோம் சார். பாதிப் பாதி. எங்க ரெண்டு பேரு மேலயும் தப்பு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. டாக்டரய்யா அதிர்ந்து போயிட்டாவ. அவுக சத்தம் போட்டு நான் பாத்ததில்ல, அன்னைக்குப் போட்டாவ. "இது பிள்ளைங்க உசுரும்மா, வெளையாட்டா? நூறு பிள்ளைங்களோட கணக்க ஒங்க ரெண்டு பேரால நான் நம்ப முடியாது"ன்னாவ. லில்லி சிஸ்டர் அழுதுட்டாவ. பொறவு டாக்டரய்யா நிதானமாயி, என்னையும் அவளையும் மாறி மாறிப் பாத்து ஒரு கேள்வி கேட்டாவ. "பாதிப் பாதின்னா சரியாப் பாதியா? ஒரு மாசமாவது கூடக் கொறைய ஆகியிருக்குமா? யோசிச்சுச் சொல்லுங்க. இத வச்சுத்தான் நான் அடுத்த மருந்த முடிவு பண்ணணும்."

நான் வாயத் திறக்கப் போனேன் தாயி. நெசமாத் திறக்கப் போனேன். அதுக்குள்ள புஷ்பம் முந்திக்கிட்டா. "எங்க அக்கா கை பீடிக் கை சார். கட்டுக்கு இருவத்தஞ்சு பீடின்னா, கண்ண மூடிக்கிட்டு எண்ணுனாலும் இருவத்தஞ்சு இருவத்தஞ்சாத்தான் வரும். ஒண்ணு கூடக் கொறைய வராது"ன்னா. பெருமையாச் சொன்னா தாயி. பிள்ள உள்ள குழாயோட கெடக்கு, இவ என் கையப் பத்திப் பெருமை பேசுதா. டாக்டரய்யா என்னப் பாத்தாவ. நான் தலைய ஆட்டிட்டேன்.

சும்மா ஆட்டிட்டேன். இப்பிடி.

அதுக்கு மேல அவுக பாவம் என்ன பண்ணுவாவ? ரெண்டு பிள்ளையையும் இந்தப் பரீட்சையில இருந்து நீக்கிட்டாவ. வைத்தியத்த நிறுத்தல, அதச் சொல்லணும், நல்ல மனுசன். மாசானத்தப் பாத்து, "இவனுக்குப் பாதி மருந்துலயே நல்லாக் கேட்டிருக்கு, அதனால பாதியே குடுப்போம்"னு நெஜ மாத்திரையவே எழுதித் தந்துட்டாவ. பெனிட்டாவுக்கு, "அதே பாதி போயும் இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் கேக்கல, இந்த மருந்த நம்பி இனியும் காத்துக்கிட்டு இருக்க முடியாது"ன்னுட்டாவ. அத விடக் கடுமையான மருந்து ஒண்ணு இருக்காம். மாசம் ஒரு தடவ, ஆறு மாசம், பாட்டில்ல கலந்து நரம்புல ஏத்துவாவ. வாந்தி வரும், இருக்கிற முடியும் போகும். அது போனாப் போகட்டும், முடி மொளைக்கும். "பெரிய மனுசியான பொறவு பிள்ளைப் பேறுல கோளாறு வந்தாலும் வரலாம், அதையும் ஒங்களுக்குச் சொல்லணும்லா"ன்னு சொன்னாவ. வரும்னு சொல்லல. வரலாம்னாவ. புஷ்பம் வெளிய வந்து செவுத்தோட சாஞ்சு நின்னா. "உசுரு இருந்தாப் போதும் அக்கா"ன்னா. கையெழுத்துப் போட்டா.

அந்த மருந்து இன்னைக்குத்தான் மொதத் தடவ ஏத்தப் போறாவ. அதுக்குத்தான் அங்கன உக்காந்திருக்கா.

என்ன தாயி சொல்லுத? சத்தமாச் சொல்லு. ஆமா, தெரியும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அந்தப் பிள்ளைக்கு அந்த மருந்து கேக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. நாலு மாசமா அது ஒண்ணு கூடத் தின்னல. மாவத் தின்னுட்டுக் கெடந்திருக்கு. நெஜ மாத்திரைய முழுசாக் குடுத்தா எம்பிள்ள மாதிரியே அதுவும் எந்திரிச்சு ஓடுமோ என்னவோ. ஓடாமலும் போகலாம். யாருக்குத் தெரியும்? குடுத்துப் பாத்தாத்தானே தெரியும்.

நான் ஏன் சொல்லலன்னு கேக்குறது ஒனக்கு லேசு. சொன்னா இந்த ஆஸ்பத்திரி வாசல்ல என்ன மிதிக்க விடுவாவளா? எம்பய வைத்தியம் என்னாவும்? நேத்துக் காலைல இருந்து அவனுக்குப் பொகையாட்டம் கலங்குது. பாதி மாத்திரை பத்தல. எப்பிடிப் பத்தும், இவ்வளவு நாளும் முழுசு தின்ன பிள்ளைக்கு? அதக் காட்டத்தான் இன்னைக்கு வந்தேன். நோட்டக் காமிச்சாப் போதும், டாக்டரய்யா முழு மாத்திரையா எழுதித் தந்திருவாவ. ஒரு வார்த்த நான் பேச வேண்டாம். பேசாம வாங்கிட்டுப் பஸ் ஏறிப் போயிருவேன். யாருக்கும் எதுவும் தெரியாது. புஷ்பம் அடுத்த மாசமும் எனக்குக் கருவாடு கொண்டு வருவா.

அதுதான் என்னக் கொல்லுது, புரியுதா? அவ வஞ்சாலும் பரவால்ல. மூஞ்சியில காறித் துப்புனாலும் பரவால்ல. அவ கருவாடு கொண்டு வாரா.

முப்பத்தாறா? அதுக்குள்ளயா? நடுவுல உள்ளதுக வரலையோ என்னவோ.

நீ ஒரு உதவி பண்ணுவியா? நீ படிச்ச பிள்ள, ஒழுங்காப் பேசுவ. லில்லி சிஸ்டர்ட்ட போயி, இப்பிடி ஒரு பொம்பள சொன்னான்னு நீயே சொல்லிரு. எம்பேரச் சொல்லியே சொல்லு. நான் மாசானத்தக் கூட்டிக்கிட்டு வெளிய நிக்கேன். அவுக விசாரிச்சுட்டு என்னக் கூப்பிட்டா வாரேன். செய்ய மாட்டியா? ஏன்? ஒனக்கு என்ன நட்டம்? ரெண்டு வார்த்த.

சரி, தலைய ஆட்டாத. புரிஞ்சிட்டு. நான் பண்ணுனதுக்கு நீ ஏன் வாயத் திறக்கணும்? சரிதான்.

அந்தா கூப்பிட்டுட்டாவ, பெனிட்டாவத்தான். புஷ்பம் எந்திரிச்சிட்டா. பாரு, பிள்ள கதவுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு உள்ள போக மாட்டேங்கு. என்னத்தான் கைய நீட்டிக் கூப்பிடுது. இங்க சேந்த நாள்ல இருந்து ஊசின்னா அது எம்மடியில உக்காந்தாத்தான் கைய நீட்டும். அவ அம்மா மடியில கூடத் திமிரும். எங்கிட்ட திமிராது. ஏன்னு தெரியல. நான் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிடுவேன், அதுக்கு அது தைரியம் போல.

வாரேன் குட்டி, பெரியம்மா வாரேன். ஏ மாசானம், நீ இங்க வால. இந்தா, இந்த அக்காகிட்ட உக்காரு. எங்கயும் போகாத. பாத்துக்கோ தாயி இவன. நீயும் எந்திரிச்சு வராத, உம்பிள்ளையப் பாரு.

குடு புஷ்பம், பிள்ளைய எங்கிட்ட குடு. ஒண்ணுமில்ல குட்டி, பெரியம்மா மடியில உக்காரு. கைய ஏன் ஒளிக்க? பெரியம்மாவப் பாரு. அழாத. ஒண்ணும் பண்ண மாட்டாவ. சிஸ்டர், கொஞ்சம் பொறுங்க. அந்த ஊசியக் கீழ வைங்க. இல்ல, பிள்ள பயப்படுதுன்னு சொல்லல, நெசமாவே கீழ வைங்க. டாக்டரய்யாவக் கூப்பிடுங்க. புஷ்பம், நீ எங்கயும் போகாத, எம்மூஞ்சியப் பாத்துக் கேளு. நாலு மாசமா நான் பங்கே வைக்கல. உம்பிள்ள மாத்திரை பூராத்தையும் எம்பிள்ளதான்ட்டி தின்னான்.